ஜன்னலில் தூங்கின வாலிபன்
(நித்திரையைக் குறித்த ஒரு வேதபாடம்)



 இந்த மாத வேதபாடத்துக்கு எழுப்புதலைக் குறித்து எழுதவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஆவியானவர் என் உள்ளத்தில் வைத்த பாரம் வேறாக இருந்தது. அது தூக்கம். "என்ன பாஸ்டர், எழுப்புதல் பத்திரிகையில போய் தூக்கத்தப் பத்தி எழுதுறீங்க?" என்று சிலர் சிரிப்பீர்கள். தயவுசெய்து முழுவதும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

வேதபகுதி: அப்போஸ்தலர் 20:7-12, 1 இராஜாக்கள் 19:1-8, சங்கீதம் 127:1,2.

1. நான் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் நடந்தது. ஸ்ரீரங்கத்தில் நம்முடைய சபையில் மாதத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் நடக்கும். திருவெறும்பூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரன் தவறாமல் வருவார். துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அன்று நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். எல்லாரும் முழங்காலில் நின்று ஊக்கமாய் ஜெபிக்கிறோம். அவர் மட்டும் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது, குறட்டையும் வந்தது.

எனக்குக் கோபம் வந்தது. மைக்கைப் பிடித்து, கெத்செமனே தோட்டத்துச் சீஷர்களைச் சொல்லி, "இது பிசாசு கொண்டுவரும் மயக்கம், தூங்குகிறவர்களை வைத்துக்கொண்டு எழுப்புதல் எப்படி வரும்?" என்று கேட்டேன். சபை முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார், குழாயடியில் முகம் கழுவினார், வந்து நின்றார். விடியுமட்டும் உட்காரவே இல்லை.

நாலேகாலுக்கு ஆசீர்வாதம் சொல்லி முடித்தோம். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காவிரிப் பாலத்தின்மேல் போகும்போது கண் அசந்துவிட்டது. வண்டி ஓரச் சுவரில் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தப்பியது. காறை எலும்பும், இடது கால் இரண்டு இடத்திலும் முறிந்தன.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து நின்றது. கோபமாய் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஐயா, அவரு புதன்கிழமையிலேர்ந்து சரியா படுக்கவே இல்லீங்க. ரெண்டு நாளு நைட் ஷிப்ட், பகல்ல பிள்ளைக்குக் காய்ச்சல்னு அலைஞ்சாரு. நீங்க சொன்னீங்கன்னு விடிய விடிய நின்னுக்கிட்டே இருந்தாராமே" என்று மட்டும் சொன்னது. பட்டயம் உருவக் குத்தினதுபோல் இருந்தது எனக்கு.

2. பவுல் என்ன செய்தார்?

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் அப்போஸ்தலர் 20-ம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். பலமுறை பிரசங்கித்த பகுதிதான். ஆனால் அன்றைக்கு அது என்னைப் பிரசங்கித்தது.

துரோவா பட்டணம். மேல்வீட்டில் கூட்டம். பவுல் மறுநாள் புறப்படவேண்டியிருந்ததால் நடுராத்திரிமட்டும் பேசுகிறார். அநேக விளக்குகள் எரிந்ததாக லூக்கா எழுதுகிறார். வெக்கையும் புகையும் இருந்திருக்கும். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்துபோகிறான். அது வாரத்தின் முதல் நாள். அந்த நாளை ஓய்வுநாளாக ரோம ராயன் கான்ஸ்டன்டைன் கட்டளையிட்டது கி.பி. 321-ல்தான். ஆகவே அந்த வாலிபன் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்திருக்கக்கூடும்.

இப்போது கவனியுங்கள். பவுல் மேலே நின்றுகொண்டு, "பார்த்தீர்களா, தூங்கினவனுக்கு வந்த முடிவை!" என்று பிரசங்கிக்கவில்லை. பிரசங்கத்தை நிறுத்தினார். இறங்கிப்போனார். அவன்மேல் விழுந்து அணைத்துக்கொண்டார். அதற்குப்பின் சபை சாப்பிட்டது. பேச்சு விடியுமட்டும் தொடர்ந்தது. வாலிபனை உயிருள்ளவனாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், மிகுந்த ஆறுதலும் அடைந்தார்கள். அந்த அதிகாரத்தில் ஐத்திகுவுக்கு ஒரு கடிந்துகொள்ளுதலும் கிடையாது.

பவுல் இறங்கிப்போனார். நானோ மேடையிலேயே நின்றேன். இதுதான் பிரியமானவர்களே, இந்தப் பாடத்தை எழுதவைத்த காரியம்.

3. நித்திரை தேவனுடைய ஈவு

வேதாகமக் கல்லூரியில் உபவாசத்தைக் குறித்துப் படித்தோம், விழிப்பைக் குறித்துப் படித்தோம். நித்திரையைக் குறித்து ஒரு பாடமும் படித்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் வேதம் அதைக் குறித்து நிறையப் பேசுகிறது.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் நாள் சாயங்காலத்தில் தொடங்குகிறது. மனுஷன் படுத்துத் தூங்குகிற வேளையில் தேவனுடைய நாள் ஆரம்பமாகிவிட்டது. நாம் காலையில் எழும்போது அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற வேலையில் போய்ச் சேர்ந்துகொள்ளுகிறோம்.

எலியாவைப் பாருங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கின தீர்க்கதரிசி, சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்கிறார். தேவன் அவருக்கு முதலில் என்ன கொடுத்தார்? தரிசனமா? உபதேசமா? இல்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் போஜனம். அந்த பெலத்தினால்தான் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போனார். மெல்லிய சத்தம் அங்கே, அதற்குப் பிறகுதான் கேட்டது. பாவமில்லாத நம்முடைய ஆண்டவரும் படகின் பின்னணியத்தில், புயலின் நடுவே, தலையணையில் தலைவைத்துத் தூங்கினாரே (மாற்கு 4:38). ஆகையால் களைத்தவனுடைய தூக்கம் பாவமல்ல.

ஆனால் நீதிமொழிகள் 6-ம் அதிகாரம் சோம்பேறியைக் கண்டிக்கிறதே என்று கேட்பீர்கள். சரிதான். சோம்பேறி வேலையைத் தவிர்க்கத் தூங்குகிறான்; உழைப்பாளி வேலை செய்ததினால் தூங்குகிறான். அவனுடைய நித்திரை இன்பமானது என்று பிரசங்கி 5:12 சாட்சி கொடுக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக்கி அடித்ததுதான் நான் செய்த தவறு.

4. சரீரத்தில் தேவன் வைத்த கடிகாரம்

நம் சரீரத்துக்குள் சிருஷ்டிகர் ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறார். அது உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சம் குறையும்போது மூளையில் மெலட்டோனின் என்ற சுரப்பு கூடுகிறது. "இது இரவு" என்று சரீரம் அறிந்துகொள்ளுகிறது. பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது வேண்டும். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம். நாலு மணிக்கு எழுப்பி டியூஷன், ராத்திரி பதினொன்றுமட்டும் ஹோம்வொர்க் என்று பிள்ளைகளைப் பிழிகிற பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரியம் என்னை உலுக்கியது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய கவனம், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருக்கிறவனுடைய கவனத்தைப்போல் மந்தமாகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. நம்முடைய மோட்டார் வாகனச் சட்டத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம்! நாம் மதுவுக்கு விரோதமாய்ப் பிரசங்கிக்கிறோம், நல்லது. ஆனால் முழு இரவு ஜெபம் முடித்து அதிகாலையில் "சமாதானத்தோடே போங்கள்" என்று நானே விசுவாசிகளை அந்த நிலையில் ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். தேவன் என்னை மன்னிப்பாராக.

5. என்னுடைய தூக்கமும் போயிற்று

அந்த விபத்துக்குப் பிறகு எனக்கே தூக்கம் வரவில்லை. படுத்தால் அவருடைய முகம். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். "சத்துருவின் போராட்டம்" என்று கடிந்து ஜெபிப்பேன். ஜெபித்தபின் இன்னும் அதிகமாய் விழித்துக்கொள்வேன். தரியு ராஜா தானியேலைச் சிங்கக் கெபியில் போட்டபின் தூங்க முடியாமற்போனது (தானியேல் 6:18) அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனைச் சத்துரு எழுப்பவில்லை. அவன் கையெழுத்தே எழுப்பினது.

இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, அந்தச் சகோதரனிடத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். அது தனியே போதாது. சபைக்கு முன்பாக அவமானப்படுத்தினதால் சபைக்கு முன்பாகவே அறிக்கை செய்தேன். அவர் ஊன்றுகோலோடு நின்று, "விடுங்க பாஸ்டர், நானும் சொல்லியிருக்கணும். தூக்கம் வருதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். இந்த வார்த்தை என்னை இன்னும் உடைத்தது. களைப்பாயிருக்கிறேன் என்று சொல்ல வெட்கப்படுகிற சபையை உண்டாக்கியவன் நான்தானே.

இரண்டாவது, டாக்டரிடம் போனேன். அவர் மருந்து எழுதவில்லை. "ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை காப்பி?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். சாயங்காலம் வீட்டு ஜெபம் மூன்று வீட்டில் என்றால் மூன்று டம்ளர். ஸ்ரீரங்கத்தில் காப்பியை வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனது வரும்? கடைசி டம்ளர் இரவு ஒன்பதரைக்கு! காப்பியிலுள்ள காஃபினில் பாதி இறங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்றார். அதன்பின் பத்தரைக்குச் சாப்பாடு, பிறகு படுக்கையில் கிடந்தபடியே போனில் ஜெபக்குழுச் செய்திகள். பிசாசின்மேல் போட்ட பழியில் பாதி என் டம்ளரிலும் என் கையிலும் இருந்தது.

6. கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள்

அ) எழும்பும் நேரத்தை ஒரே நேரமாக வையுங்கள். இரவு தூக்கம் கெட்டாலும் காலையில் அதே நேரத்துக்கு எழும்புங்கள். எழுந்ததும் மொட்டைமாடியிலோ வாசலிலோ கொஞ்சநேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். உள்ளிருக்கும் கடிகாரம் அதைக்கொண்டுதான் தன்னைத் திருத்திக்கொள்ளுகிறது.

ஆ) மத்தியானத்துக்குப் பின் காப்பி, டீ வேண்டாம். ஜெபத்துக்கு வருகிற ஊழியக்காரருக்கு மோரோ தண்ணீரோ கொடுங்கள். சகோதரிகளே, நாங்கள் தப்பாய் எடுத்துக்கொள்ள மாட்டோம்.

இ) இரவுச் சாப்பாடு படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே முடியட்டும். பகல் தூக்கம் வேண்டுமானால் மூன்று மணிக்கு முன், அரைமணி நேரத்துக்குள்.

ஈ) படுக்கும் முன் ஒரு மணி நேரம் டிவியும் போனும் ஓயட்டும். போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். நம் திருச்சி வெயிலில் அறை அடுப்புபோல் இருக்கும். ஜன்னலைத் திறந்து, கொசுவலை கட்டி, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் குளித்தால் உடம்பு தணியும்.

உ) படுத்து இருபது நிமிஷம்போல ஆகியும் தூக்கம் வரவில்லையா? புரண்டு போராடாதிருங்கள். கடிகாரத்தையும் பார்க்காதிருங்கள். எழுந்து, மங்கின வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு சங்கீதத்தை மெதுவாய் வாசியுங்கள். தூக்கம் வந்தபின் படுங்கள். படுக்கை என்றால் போராட்டம் என்று மூளை பழகிவிட்டதை இப்படித்தான் மாற்றவேண்டும். இந்தப் பழக்க முறையைத்தான் நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகச் செய்யவேண்டும் என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர் சங்கமும் பரிந்துரைத்தது. முதல் இரண்டு வாரம் கஷ்டமாயிருக்கும், விட்டுவிடாதிருங்கள்.

ஊ) நைட் ஷிப்ட் வேலைக்காரரே, காந்தி மார்க்கெட்டில் ராத்திரி மூட்டை இறக்குகிறவர்களே, ஆஸ்பத்திரியில் இரவுப்பணி செய்கிற சகோதரிகளே, பகலில் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள். வீட்டார் அந்த நேரத்தை இரவாகவே எண்ணி, மிக்சியையும் பாட்டையும் நிறுத்திவையுங்கள். கண் சொக்கினால் வண்டியை ஓட்டாதிருங்கள், பஸ்ஸில் வாருங்கள்.

7. வைத்தியரிடம் போகவேண்டிய காரியங்கள்

லூக்கா வைத்தியன் என்று பவுல் அன்போடு எழுதுகிறார் (கொலோசெயர் 4:14). வைத்தியனிடம் போவது அவிசுவாசம் அல்ல. சத்தமான குறட்டையும், நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பதும், பகலெல்லாம் அசதியும் இருந்தால் அது மூச்சுத்தடை வியாதியாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. இரவில் பலமுறை சிறுநீருக்கு எழும்பினால் சர்க்கரையையும், வயதான ஆண்கள் புராஸ்டேட்டையும் சோதியுங்கள். விடியுமுன் விழித்து, ஒன்றிலும் பிரியமில்லாமல், சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அதை மறைக்காதிருங்கள். எலியாவுக்கும் வந்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கின டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.

தூக்க மாத்திரையைக் கடையில் தானாய் வாங்காதிருங்கள். அல்பிரசோலம் போன்றவை 2014 முதல் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன, சீட்டில்லாமல் விற்கக்கூடாது. அதேபோல, டாக்டர் கொடுத்த மாத்திரையை "விசுவாசத்தில்" ஒரேநாளில் நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தச் சொல்லுகிற ஊழியக்காரர் சொன்னாலும் வேண்டாம். டாக்டரே படிப்படியாய்க் குறைக்கட்டும்.

8. விசுவாசத்தின் பங்கு

அப்படியானால் ஜெபம் எதற்கு? பழக்கங்கள் கட்டிலைச் சரிசெய்யும். கட்டிலில் படுக்கிறவனுடைய உள்ளத்தை யார் சரிசெய்வது?

தாவீது தன் சொந்த மகன் அப்சலோமுக்கு ஓடின நாட்களில் படுத்துத் தூங்கி விழித்ததாக மூன்றாம் சங்கீதத்தில் சாட்சி சொல்லுகிறார். பேதுரு மறுநாள் சாவுக்குக் குறிக்கப்பட்டவராய், இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, சேவகர் நடுவே தூங்கினார், தூதன் அவரை விலாவில் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று (அப். 12:6,7). பிரச்சினை தீர்ந்தபின் தூங்கினவர்கள் அல்ல இவர்கள். பிரச்சினையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கினவர்கள். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குகிறதில்லை (சங். 121:4). அவர் விழித்திருக்கிறார், ஆகையால் நாமும் விழித்திருக்கவேண்டிய அவசியமில்லை.

நான் இப்போது செய்கிறது இது: சாயங்காலம் ஏழு மணிக்கு முன்பே ஒரு நோட்டில் மறுநாள் கவலைகளை எழுதிவிடுகிறேன். கடன், கட்டட வேலை, பிள்ளைகள் பீஸ், எல்லாம். ஒவ்வொன்றையும் கர்த்தரிடம் பெயர்சொல்லி ஒப்புக்கொடுத்து நோட்டை மூடுகிறேன். யாரோடாவது கசப்பிருந்தால் பொழுது அஸ்தமிக்குமுன் பேசி முடிக்கிறேன் (எபேசியர் 4:26). படுக்கையில் விண்ணப்பம் ஏறெடுப்பதில்லை, ஸ்தோத்திரம் மட்டுமே.

சில இரவுகளில் கர்த்தர்தாமே ஜெபிக்க எழுப்புவார். சாமுவேலை எழுப்பினாரே. ஆண்டவரும் ஒரு இராமுழுவதும் ஜெபித்தார் (லூக்கா 6:12). அதைக் குறைவாய்ச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அவரே தம் சீஷர்களைச் சற்று இளைப்பாறும்படியும் அழைத்தார் (மாற்கு 6:31). அழைப்பும் அவருடையது, இளைப்பாறுதலும் அவருடையது.

9. ஊழியக்காரருக்கு ஒரு வார்த்தை

நம்முடைய திருச்சியில் பரிசுத்த யோவான் ஆலயத்தில் பேராயர் ரெஜினால்டு ஹீபரின் கல்லறை இருக்கிறது. 1826 ஏப்ரல் 3-ம் தேதி, வெயில் காலத்தில், அதிகாலையில் கோட்டையிலுள்ள ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்கு ஆராதனை நடத்திவிட்டு வந்து, குளிக்க இறங்கின இடத்திலேயே மரித்துப்போனார். வயது 42. தூக்கமில்லாமல் மரித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாற்பதுகளில் இருக்கிற நான் அந்தக் கல்லறைக்கு முன் நிற்கும்போது, ஊழியக்காரனுடைய சரீரமும் மண்பாண்டம்தான் என்று நினைத்துக்கொள்ளுகிறேன்.

நம்முடைய சபையில் முழு இரவு ஜெபத்தை நிறுத்தவில்லை. ஒழுங்கை மாற்றினோம். வருகிறவர்கள் அன்று பகலில் இரண்டு மணி நேரமாவது தூங்கிவிட்டு வரவேண்டும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் அந்த மாதம் வீட்டிலேயே படுத்துக்கொள்ளட்டும். அவர்களுக்காக நாங்கள் ஜெபிக்கிறோம். பின்பக்கம் பாய் விரித்திருக்கிறோம், களைத்தவர்கள் படுக்கலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். முடிந்தபின் நன்றாய்த் தூங்கித் தெளியாமல் ஒருவரும் வண்டியை எடுக்கக்கூடாது.

அந்தச் சகோதரன் இன்றும் வருகிறார். மழைக்காலத்தில் காலில் வலி இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் தாழ்ந்துபோகிறேன். போன மாத ஜெபத்தில் இரண்டு மணிக்கு அவர் பாயில் படுத்துத் தூங்கிவிட்டார். மின்விசிறிக் காற்றில் விலகின போர்வையை நான் போய் இழுத்துப் போர்த்திவிட்டு வந்து ஜெபத்தைத் தொடர்ந்தேன். இறங்கிப்போவது எப்படி என்று கர்த்தர் எனக்கு இன்னும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தியானத்துக்கு: (1) என் தூக்கத்தைக் கெடுப்பது சரீரமா, பழக்கமா, மனச்சாட்சியா? (2) என்னால் தூக்கமிழந்தவர் யாராவது உண்டா? (3) நான் சாயங்காலம் நோட்டில் எழுதி ஒப்புக்கொடுக்க வேண்டிய மூன்று காரியங்கள் எவை?

ஜெபம்: உறங்காத எங்கள் பிதாவே, நாங்கள் மண்ணென்று நீர் அறிந்திருக்கிறீர். எங்கள் பாரங்களை இந்த இரவு உம்முடைய கையில் வைக்கிறோம். வேலைக்குப் போயிருக்கிறவர்களைக் காத்தருளும், களைத்தவர்களைத் தூங்கப்பண்ணும், காலையில் உமக்கென்று எங்களை எழுப்பும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென். அல்லேலூயா!